ஆறு புள்ளிக்காரர்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் அமலோற்பவம் அக்கா. மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆடி மாசம், கண் ஆஸ்பத்திரியில் எனக்குப் புரை எடுத்த மறுநாள். அக்காவுக்கு அடுத்த கட்டில். ஆளுக்கு ஒரு கண்ணில் கட்டு. அவர் ஜெபத்தை முடித்துவிட்டார், நான் என் சாமியைக் கும்பிட்டுவிட்டேன். கஞ்சி வருகிறவரைக்கும் செய்ய ஒன்றும் இல்லை. அப்போது சொன்னார்.

கடவுள் புண்ணியத்தில் இப்போது இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிறது. கதையும் மறக்கவில்லை.

*

“அம்மா, நன்றி சொல்ல எனக்கு ஆள் தீர்ந்துபோச்சு.”

தாண்டவராயர் சாப்பாட்டு இலைக்கு முன்னால் கைகட்டி உட்கார்ந்துகொண்டு இப்படிச் சொன்னார்.

அவருக்கு அறுபத்தொரு வயது. எதிரே உட்கார்ந்திருந்த உலகம்மைக்கு நாற்பதுகூட நிறையவில்லை. ஆனாலும் அம்மைதான் குரு, அவர்தான் சீடர்.

ஊமத்தங்கரடு என்கிற சின்னக் குன்றின் அடிவாரத்தில் அம்மையின் குடில். இரண்டு அறை, ஒரு கிணறு, ஒரு நந்தவனம். நந்தவனத்தின் நடுவில் அம்மையின் குருநாதர் சமாதி. அவ்வளவுதான்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. சோற்றில் கை வைப்பதற்கு முன்னால், அந்தச் சோறு இலைக்கு வர உழைத்த யாராவது ஒருவரைச் சொல்லி நன்றி சொல்ல வேண்டும். ஒரு தடவை சொன்னவரை மறுபடி சொல்லக் கூடாது.

தாண்டவராயர் வந்து ஏழு மாசம். நெல் விதைத்தவர், அறுத்தவர், அரைத்தவர், மாடு, மழை, கிணறு வெட்டினவர், சட்டி வனைந்தவர், உப்பளத்துக்காரர், புளி உலுக்கினவர் எல்லாரையும் சொல்லியாகிவிட்டது. நேற்று லாரி டிரைவரைச் சொன்னார். இன்றைக்கு யாரும் மிச்சமில்லை.

“தீர்ந்தேபோச்சா?” என்றார் அம்மை.

“தீர்ந்தேபோச்சு.”

“அப்ப இலையை மூடி வைங்க ஐயா. தோட்டத்துப் பக்கம் போயிட்டு வாங்க. யாராவது கிடைப்பாங்க.”

அவர் எழுந்தார். இலை ஓரத்தில் வைத்திருந்த கரண்டியை எடுத்து மடியில் செருகிக்கொண்டார்.

அந்தக் கரண்டியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

தாண்டவராயர் முப்பது வருஷம் பூச்சிமருந்துக் கடை வைத்திருந்தவர். மனைவி வடிவு காலமாகி, பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு கடையை மைத்துனரிடம் ஒப்படைத்தார். “இனி என் கையால ஒரு உயிரும் போகாது” என்று சபதம் எடுத்துக்கொண்டு இங்கே வந்துவிட்டார். மருந்து அளந்து அளந்து பழகின அந்தக் கையை வாயில் வைக்க அவருக்கு மனசு வரவில்லை. வந்த நாளிலிருந்து கரண்டியால்தான் சாப்பாடு. குடிலில் யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அம்மை வாயால் மந்திரம் கேட்க வேண்டும். அதற்குப் பிறகாவது இந்தக் கை சுத்தமாகிவிட்டது என்று நம்பலாம்.

அம்மையும் வாக்குக் கொடுத்திருந்தார். “மாசியில குருபூஜை வருது. நீங்களே விதை போட்டு வளர்த்த செண்டுமல்லியில மாலை கட்டிச் சமாதிக்குப் போடுங்க. அன்னைக்குச் சொல்றேன்.”

கார்த்திகை பிறந்ததும் விதைத்தார். நாற்று இப்போது நாலு இலை விட்டிருந்தது.

*

போன சுருக்கில் திரும்பி வந்தார்.

“அம்மா, நம்ம நந்தவனத்துல ஒரு கொலைகாரன் இருக்கான்.”

அம்மை முறத்தில் அரிசியை வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“எந்த ஊர்க்காரனாம்?”

“விளையாடாதீங்கம்மா. வண்டு. கட்டைவிரல் நீளம் இருக்கு. கன்னங்கரேல்னு. முதுகுல ஆறு வெள்ளைப் புள்ளி, தாயக்கட்டையில இருக்கற மாதிரி. இப்பத்தானே தூறல் விட்டுச்சு, சமாதி ஓரமா ஓடி வந்துச்சு. ஒரு பச்சைப் புழுவைக் கவ்விருச்சு. இடுக்கி மாதிரி வாய். புழு துடிக்குது, அது விடலை.”

“கொன்னு போட்டுட்டுப் போயிடுச்சா?”

“இல்லை, தின்னுச்சு.”

“மிச்சம் வச்சுச்சா?”

“தோலைத் தவிர ஒண்ணும் இல்லை.”

“அப்ப பசி போல.”

தாண்டவராயருக்கு இந்தப் பதில் போதவில்லை.

“சாமி இருக்கற இடம். என் பொறுப்புல இருக்கற இடம். அங்க ஒரு உயிர் போறதைப் பார்த்துக்கிட்டு நான் எப்படிம்மா சும்மா இருக்கறது?”

“என்ன செய்யலாம்னு சொல்லுங்க.”

“கொல்ல மாட்டேன். பிடிச்சுக் கொண்டுபோய் ஓடைக்கு அந்தப் பக்கம் விட்டுடறேன். அங்க என்னமோ பண்ணிக்கட்டும். இங்க வேண்டாம்.”

அம்மை ஒரு கல்லைப் பொறுக்கி வாசலில் எறிந்தார்.

“கண் பத்திரம்,” என்றார்.

கை பத்திரம் என்று சொல்ல வந்தவர் வாய் தவறிச் சொல்கிறார் என்று தாண்டவராயர் நினைத்துக்கொண்டார்.

*

நந்தவனத்தில் பாத்தி ஓரமெல்லாம் தட்டைக் கற்கள் கிடந்தன. அவற்றை யார் போட்டது, எதற்குப் போட்டது என்று அவர் கேட்டதில்லை. சாமி இடத்தில் இப்படி ஒழுங்கில்லாமல் கிடக்கிறதே என்று மட்டும் பல நாள் நினைத்திருக்கிறார்.

முதல் கல்லைப் புரட்டினார். அடியில் இரண்டு வண்டு. அவை பறக்கவில்லை. நீளக் கால்களை எட்டி எட்டி வைத்து ஓடின.

கையோடு கொண்டுபோன சட்டியைக் கவிழ்த்துப் பிடித்தார். ஓடையில் முழங்கால் அளவு தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, அந்தக் கரைப் புல்லில் விட்டுவிட்டு வந்தார்.

இரண்டாவது கல். மூன்றாவது கல்.

ஏழாவது கல்லைப் புரட்டி, முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். அங்கே இருந்த வண்டு ஓடவில்லை. திரும்பி நின்றது. பின்பக்கத்தைத் தூக்கியது.

அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

அவர் அலறின சத்தம் கேட்டுக் கரட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பேச்சியக்கா எட்டிப் பார்த்தாள். அம்மை குடத்தோடு ஓடி வந்தார். அவர் தலையை மடியில் சாய்த்து, இமையைப் பிரித்துத் தண்ணீர் விட்டார். ஒரு குடம் தீர்ந்தது. பேச்சியக்கா இன்னொரு குடம் கொண்டுவந்தாள். கட்டெறும்பை நசுக்கினால் ஒரு நெடி வருமே, அந்த நெடி அவர் முகமெல்லாம்.

“நல்லது செய்யப் போனேன். எனக்கு இதுவா பலன்?”

“தலையை ஆட்டாதீங்க.”

“அடிச்சேனா, மிதிச்சேனா? பத்திரமாத் தூக்கிட்டுப் போய் விடத்தானே போனேன்?”

“அதுகிட்டச் சொன்னீங்களா?”

கண்ணைக் கசக்கப் போன அவர் கையை அம்மை பிடித்துக்கொண்டார்.

“ஏழு மாசமா உங்க கால்மாட்டுலதான் ஓடிட்டிருந்துச்சு. ஒரு நாளாவது பீச்சுச்சா?”

“இல்லை.”

“இன்னைக்குக் கூரையைப் பிரிச்சுட்டு மூஞ்சியை நீட்டினீங்க.” அம்மை இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டார். “அதுக்கு றெக்கை கிடையாது ஐயா. முதுகு ஓடு ரெண்டும் ஒண்ணா ஒட்டிப்போயிருக்கும், திறக்காது. பறந்து தப்பிக்க வழியில்லை. காலும் பல்லும் இந்தத் தண்ணியும்தான் அதுக்குத் துணை. அதையும் எடுத்த எடுப்புல பீச்சாது. முன்கூட்டியே முதுகுல எழுதிக் காட்டிட்டுத்தான் திரியுது.”

“என்னத்தை எழுதியிருக்கு?”

“ஆறு புள்ளி. தள்ளிப் போன்னு அர்த்தம். தவளைக்குப் புரியுது, ஓணானுக்குப் புரியுது.”

“நம்ம சாமிக்குத்தான் எழுத்துப் படிக்கத் தெரியலை,” என்றாள் பேச்சியக்கா.

*

மூன்று நாள் கண் சிவந்து கிடந்தது. நாலாம் நாள் தெளிந்தது. ஆனால் மனசு மாறவில்லை. முகத்தில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு, நீளக் குச்சியால் மிச்சக் கற்களையும் புரட்டினார். அகப்பட்ட வண்டுகளையெல்லாம் ஓடை தாண்டிக் கொண்டுபோய் விட்டார். கற்களை வேலிக்கு வெளியே குவித்தார். சருகைக் கூட்டி அள்ளினார்.

நந்தவனம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி ஆயிற்று.

அன்று மத்தியானம் இலைக்கு முன்னால் சொன்னார். “கண்ணுக்குத் தண்ணி விட்ட உங்களுக்கு நன்றி அம்மா.”

“சோறு வர உழைச்சவங்களைத்தான் சொல்லணும். கண்ணுக்குத் தண்ணி விட்டது இதுல சேராது.” அம்மை சிரித்தார். “சரி, இன்னைக்கு விட்டுடறேன். சாப்பிடுங்க.”

அதற்குப் பிறகும் தினம் ஏதோ ஒரு பேரைத் தேடிப்பிடித்துச் சொல்லிச் சமாளித்தார். துடைப்பம் கட்டினவர், அடுப்புக்கு மண் குழைத்தவர் என்று போயிற்று. மனசில்லாமல் சொன்னார். அது அவருக்கே தெரிந்தது.

*

ஒரு வாரம் போயிருக்கும். விடிந்ததும் தண்ணீர் ஊற்றப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

ஒரு வரிசை நாற்று சாய்ந்து கிடந்தது. மண்ணை ஒட்டின மாதிரி, கத்தரிக்கோல் வைத்து வெட்டினதுபோலத் தண்டு அறுந்திருந்தது. தின்றதுகூட இல்லை. வெட்டிப் பக்கத்திலேயே போட்டிருந்தது.

மறுநாள் இரண்டு வரிசை. அதற்கு மறுநாள் அரைப் பாத்தி.

பேச்சியக்கா வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

“என்ன சாமி, செடிக்கெல்லாம் முடி எடுத்துட்டீங்க? எந்தக் கோயிலுக்கு வேண்டுதல்?”

“உன் ஆடு உள்ள வந்துச்சா பேச்சி?”

“என் ஆடு வந்தா வேரோட போகும். இத்தனை நாசூக்கா மேய என் ஆட்டுக்குத் தெரியாது.”

அவர் அம்மையைக் கூட்டிவந்தார். அம்மை, வெட்டுப்பட்ட ஒரு நாற்றுக்குப் பக்கத்தில் விரலால் மண்ணைக் கிளறினார். சாம்பல் நிறத்தில் ஒரு புழு வந்தது. அதை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். அது வளையமாகச் சுருண்டுகொண்டது.

“யாருன்னு தெரியுதா?”

தெரியாமல் என்ன? முப்பது வருஷம் அவருக்குச் சோறு போட்ட புழு. வெட்டுப்புழு. பகலெல்லாம் மண்ணுக்குள் சுருண்டு கிடக்கும், இருட்டினதும் வெளியே வந்து கழுத்தை அறுக்கும். அதற்கு என்ன மருந்து, ஒரு டேங்குத் தண்ணீருக்கு எத்தனை மூடி, எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் மைத்துனர் கடை. ஒரே ஒரு தடவை அடித்தால் போதும். மாலைக்குப் பூ வந்துவிடும்.

கை அரித்தது.

“அம்மா, மருந்தடிச்சா சபதம் போச்சு. அடிக்கலேன்னா பூ போச்சு, மந்திரமும் போச்சு. நான் என்னதான் செய்ய?”

“நீங்க வர்றதுக்கு முந்தின வருஷம் சமாதியே மறையற அளவுக்குப் பூ. அப்ப யாரும் இங்க மருந்தடிக்கலை.”

“பின்னே புழுவை யாரு பார்த்துக்கிட்டா?”

அம்மை தலையைத் திருப்பி ஓடைப் பக்கம் பார்த்தார். பிறகு எழுந்து கையில் இருந்த மண்ணைத் தட்டினார்.

“அவங்க வேலையை ஒரு வாரம் நீங்க பாருங்க ஐயா.”

*

ஓலைப்பெட்டியை எடுத்துக்கொண்டு, பனி இறங்குகிற நேரத்திலேயே பாத்தியில் உட்கார்ந்துவிடுவார். ஒவ்வொரு நாற்றைச் சுற்றியும் விரலால் கிளறுவார். புழு அகப்பட்டால் பெட்டியில் போடுவார். வெயில் ஏறுவதற்குள் ஓடையைத் தாண்டிப் போய் அந்தக் கரைப் புல்லில் கொட்டிவிட்டு வருவார். சாயங்காலம் மறுபடி.

இடுப்பு ஒடிந்தது. நகக்கண்ணில் மண் ஏறி வலித்தது. காலையில் எடுத்த இடத்திலேயே சாயங்காலம் இன்னொன்று இருந்தது.

ஒரு சின்னப் பூச்சி இத்தனை வேலையை ஓசையில்லாமல் செய்தது என்று அவருக்கு ஒரு கணம் தோன்றியது. அந்த நினைப்பை ஒதுக்கிவிட்டார்.

மூன்றாம் நாள் காலை அவசரத்தில் கட்டைவிரல் அழுந்திவிட்டது. விரலடியில் ஏதோ பிதுங்கியது. எடுத்துப் பார்த்தார். பச்சை.

விரலை மண்ணில் தேய்த்தார். பிறகு உள்ளே போனார். வேட்டி, துண்டு, கரண்டி மூன்றையும் சுருட்டி மூட்டையாகக் கட்டினார். அம்மை முன்னால் வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது.

“சபதம் உடைஞ்சுபோச்சு அம்மா. நான் கிளம்பறேன்.”

“என்ன ஆச்சு?”

“ஒரு புழு, என் கையால.”

“செத்துப்போச்சா?”

“செத்துப்போச்சு.”

“நீங்க எதுக்கு அழறீங்க? புழுவுக்கா, சபதத்துக்கா?”

தாண்டவராயர் மூட்டையை வாசலில் இறக்கி வைத்தார்.

“பெட்டியில இன்னும் மிச்சம் இருக்கு,” என்றார் அம்மை. “வெயில் வந்தாத் துடிக்கும். அதைக் கொண்டுபோய் விட்டுட்டுக் கிளம்புங்க.”

*

ஓடையைத் தாண்டினார். புல்லில் பெட்டியைக் கவிழ்த்தார்.

மற்ற நாளானால் கொட்டினதும் திரும்பிவிடுவார். இன்றைக்கு அவசரப்பட்டுப் போக ஒரு இடமும் இல்லை. கரையில் இருந்த பாறையில் உட்கார்ந்தார். மேகம் மூடின காலை.

புல் அசைந்தது.

கறுப்பாக ஒன்று வந்தது. நாலடி ஓடி, நின்றது. மீசையை ஆட்டி மண்ணைத் தடவிப் பார்த்தது. மறுபடி ஓடி, நேராகப் புழுவின் கழுத்தைப் பிடித்தது. பின்னால் இன்னொன்று. கல்லடியிலிருந்து இரண்டு. அவர் கொண்டுவந்து விட்ட ஆட்களேதான். ஒன்றோடொன்று சண்டை போடவில்லை. ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு தனித்தனியாக ஒதுங்கின.

ஒரு பாக்கு மெல்லுகிற நேரம். கொட்டினது அத்தனையும் காலி.

ஒரு வண்டு மட்டும் திரும்பி வந்து, கவிழ்ந்து கிடந்த பெட்டியின் விளிம்பில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தது.

“இதுக்குத்தான் தினம் ரெண்டு வேளை இந்தப் பக்கம் வர்றீங்களா?”

பேச்சியக்கா மேட்டில் நின்றுகொண்டிருந்தாள்.

“நானும் மூணு நாளாப் பார்க்கறேன் சாமி. உங்க பெட்டியைக் கண்டா எப்படி ஓடி வருதுங்க. நான் பெத்து வளர்த்த மாதிரி வச்சிருக்கேன், என் ஆடு ஒண்ணுகூட இப்படி வராது. பந்தி விசாரிக்கற ஆள்னுதான் இந்தக் கரையில உங்களுக்குப் பேரு.”

வேட்டியை மடித்துக் கட்டாமலே தாண்டவராயர் ஓடையில் இறங்கினார்.

*

ஈர வேட்டியோடு குடில் வாசலில் வந்து நின்றார். மூட்டை அங்கேயே இருந்தது. அதை எடுக்கவில்லை.

“அம்மா, மூணு நாளா நான் ஒரு புழுவையும் காப்பாத்தலை. தூக்கிட்டுப் போய்ப் பரிமாறியிருக்கேன்.”

“நல்லாச் சாப்பிட்டாங்களா?”

“பெட்டியை எட்டிப் பார்க்கறாங்க.”

“நீங்க போட்டா அன்னதானம். அவங்களே எடுத்துச் சாப்பிட்டாக் கொலை. அப்படியா ஐயா?”

அவர் வாசற்படியில் உட்கார்ந்தார். ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே கேட்டார்.

“இதை முதல்லயே சொல்லி என்னைத் தடுத்திருக்கலாமே அம்மா?”

“சொல்லியிருந்தா என் பேச்சைக் கேட்டிருப்பீங்க. அந்தக் கரையில உட்கார்ந்திருக்க மாட்டீங்க.”

“அந்தக் கல்லெல்லாம்?”

“குருநாதர் போட்டது. கரட்டு மேலேருந்து ஒவ்வொண்ணாத் தலையில சுமந்து வந்தார். நான் வந்த புதுசுல ஒரு மழைக்காலம் முழுக்க என்னை ஒரு கல்லுக்கு எதிர்ல உட்கார வச்சார். பாரு, ஒண்ணும் செய்யாதேன்னார்.”

“என்ன பார்த்தீங்க?”

“பெண் வண்டு மண்ணைத் தோண்டி இங்க ஒரு முட்டை, அங்க ஒரு முட்டைன்னு வைக்கும். அவசரமே கிடையாது. குஞ்சு மண்ணுக்குள்ளயே வளரும். அதுக்கும் அங்க இதே வேட்டைதான். நம்ம காலுக்குக் கீழ நடக்குது, நமக்குத் தெரியறதில்லை. கோடையில கல்லடியில ஈரத்தைத் தேடிப் படுத்துக்கும். ஒரு கால் ஒடிஞ்ச வண்டு ஒண்ணு இருந்துச்சு. செத்துப்போச்சுன்னு நினைச்சேன். அடுத்த மழைக்கு அதே அஞ்சு காலோட வந்து நின்னுச்சு.” அம்மை கொஞ்சம் நிறுத்தினார். “அன்னைக்கு நான் அழுதேன். ஏன்னு இன்னைக்கும் சரியாத் தெரியலை.”

*

கல்லைத் திரும்ப வைப்பது கஷ்டமாக இல்லை. ஒவ்வொரு கல்லும் இருந்த இடத்தில் மண் வெளுத்து, அதே வடிவத்தில் தடம் தெரிந்தது. தடம் பார்த்து, அடிப்பக்கம் மாறாமல் வைத்தார். சருகையும் அள்ளிக்கொண்டுவந்து பரப்பினார்.

வண்டுகளைக் கொண்டுவருவதுதான் நாளாயிற்று. சாயங்காலத்தில் சட்டியைப் படுக்கவைத்து, உள்ளே ஈரச் சருகும் நாலு புழுவும் போட்டுவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்காருவார். வந்து ஏறினவற்றை மட்டும் கொண்டுவருவார். ஏறாததைத் தொடமாட்டார்.

“போன தடவை பிடிச்சுட்டுப் போனீங்க,” என்றாள் பேச்சியக்கா. “இந்தத் தடவை அழைச்சுட்டுப் போறீங்க.”

மார்கழியில் மறுபடி விதைத்தார். நாற்று வந்தது. அதிலும் கொஞ்சம் வெட்டுப்பட்டது. வெட்டுப்பட்டதைப் பார்த்து அவர் பதறவில்லை. தை கடைசியில் மொட்டு விட்டது.

*

மாசி. குருபூஜை.

இருந்த பூவையெல்லாம் பறித்து, அவரே உட்கார்ந்து கட்டினார். சமாதியில் சாத்தினால், மாலை பாதிதான் சுற்றியது.

“பாதிதான் வந்திருக்கு அம்மா.”

“தெரியுது.”

அம்மை ஒரு வாழைநாரைக் கிழித்து, மாலையின் இரண்டு முனையையும் இழுத்துக் கட்டினார். முன்பக்கம் பூ, பின்பக்கம் வெறும் நார். கைகூப்பிக் கும்பிட்டார். மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.

மந்திரம் இந்த வருஷம் இல்லை என்று தாண்டவராயருக்குப் புரிந்துவிட்டது. முன்னைப்போல அது வலிக்கவில்லை. அது ஏன் என்றுதான் புரியவில்லை.

அன்றைக்குப் பந்தியில் இருபது பேர். சுற்றுவட்டாரத்து ஜனங்கள். இலை போட்டு, சோறு போட்டு, பருப்பும் நெய்யும் விட்டாயிற்று. வழக்கப்படி ஒவ்வொருவராக நன்றி சொல்லி வந்தார்கள். பேச்சியக்கா, தன் ஆட்டுப் புழுக்கைதான் இந்த வட்டாரத்து வயலுக்கெல்லாம் உரம், ஆகவே தன் ஆட்டுக்கு நன்றி என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

அடுத்தது தாண்டவராயர்.

“ஆறு புள்ளிக்காரருக்கு,” என்றார். “என் கண்ணுல பீச்சினதுக்கும் சேர்த்து.”

ஒரு பேர்தான் வழக்கம். அவர் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை.

“வெட்டுப்புழுவுக்கு. முப்பது வருஷம் என் வீட்டுல உலை கொதிச்சது அதாலதான். ஒரு நாளும் நான் சொன்னதில்லை. என் கட்டைவிரல்ல போச்சே, அந்த ஒண்ணுக்கு. என் கடை மருந்துல போன அத்தனைக்கும். கல்லுக்கு. கல்லடியில இருந்த ஈரத்துக்கு. மண்ணுக்குள்ள இருக்கற குஞ்சுகளுக்கு. நான் அவங்களைப் பார்த்ததில்லை, அவங்களும் என்னைப் பார்த்ததில்லை. பந்தி விசாரிக்கறவன்னு எனக்குப் பேர் வச்ச பேச்சிக்கு.”

குரல் இறங்கியது.

“வடிவுக்கு. முப்பது வருஷம் அந்த மருந்து வாடைச் சட்டையை வெறுங்கையால துவைச்சா. ஆக்கி வச்சுட்டுக் காத்திருப்பா. வந்து உட்கார்ந்து தின்பேன். ஒரு வார்த்தை சொன்னதில்லை.”

அவள் பேரை அந்தக் குடிலில் அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகும் சொல்லிக்கொண்டே போனார். பேர் வந்துகொண்டே இருந்தது. பருப்பு ஆடை கட்டியது. நெய் உறைந்தது. யாரும் இலையில் கை வைக்கவில்லை.

கடைசியில் பேச்சியக்காதான் மெதுவாகக் கேட்டாள். “இன்னும் எத்தனை பேர் இருக்காங்க சாமி?”

“தீராது போலிருக்கு,” என்றார் அவர். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அம்மை பக்கம் திரும்பினார்.

“அம்மா, மாலை பாதிதான். கேட்கக் கூடாது. இருந்தாலும் கேட்கறேன். மந்திரம் இன்னைக்குச் சொல்றேன்னீங்க.”

“இவ்வளவு நேரம் நீங்க சொன்னது என்னவாம்?” என்றார் அம்மை. “சாப்பிடுங்க ஐயா. சோறு ஆறுது.”

தாண்டவராயர் குனிந்து பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார். நாலாவது வாய் எடுக்கும்போதுதான் கவனித்தார்.

கரண்டி மடியிலேயே இருந்தது.

*

அமலோற்பவம் அக்கா இந்த இடத்தில் நிறுத்திவிட்டார். கஞ்சி வந்துவிட்டது.

நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். எங்கேயாவது ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்தால், பார்த்துவிட்டு, இருந்தபடியே மெதுவாகத் திரும்ப வைத்துவிடுங்கள்.